பின்னால் முடிச்சுப் போட்ட கை

"அந்தக் கல்யாணம் செல்லாதுட்டி."

மண்டைக்காட்டுக்குப் போகிற பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோழிகள், அறுபதைத் தாண்டியவர்கள். கைபேசியில் ஏதோ பழைய சிரிப்புப் படம், அதில் ஒரு கல்யாணம். சினிமா பேசத் தொடங்கிய காலத்தில், மேடை நாடகத்தை அப்படியே எடுத்தது.

"ஏன் செல்லாது?" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"மாப்பிளை ஒரு முடிச்சுதான போடணும்? மூணையும் அவனே போட்டுட்டான். மத்த ரெண்டையும் போட நாத்தனாரக் காணல்ல."

"நாடகக்காரங்க நாத்தனாருக்கு எங்க போவாங்க?"

"அதான் படம் முச்சூடும் அந்த வீட்டுல சண்டை."

ஜன்னலோரத்தவள் சிரித்தாள். "எனக்கும் நாத்தனார் கெடையாதுல்லா. ஒரு முடிச்சு அவிய போட்டாவ. மத்த ரெண்டையும் யாரு போட்டான்னு இன்னும் தெரியாது."

"திரும்பிப் பாக்கலியா?"

"கல்யாணப் பொண்ணு திரும்பிப் பாப்பாளா? குனிஞ்சே இருந்தேன்."

"மாப்பிளைட்ட கேக்கலாம்லா."

"கேட்டேன். அவிய என்னையத்தான் பாத்துட்டு இருந்தாவளாம்."

 பிறகு ஜன்னலோரத்தவள் கைபேசியை வாங்கி, விரலால் படத்தைத் தாலி கட்டும் இடம் வரை பின்னோக்கி இழுத்தாள்.

"இந்தப் படத்துப் பொண்ணுக்குக் குடுத்து வச்சிருக்கு. யாரு போட்டான்னு எத்தன தடவ வேணும்னாலும் பாக்கலாம்."