ஒரு சாண் இடைவெளி

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். காவல் நிலையத்தில் வாயில் வைக்கிற மாதிரிக் காபி கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் போன ஆகஸ்டிலேயே வந்திருப்பேன்.

பெயர் போஹுமில். வயது அறுபத்து மூன்று. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபத்தொரு கோடைகளாக எங்கள் சைக்கிள் கூட்டத்தில் முன்னால் போகிறவன். கடைசியாகச் சொன்னதைத் தடித்த எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் வயிற்றுப்பாடு.

கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், என் மனைவி லிபூஷெ, இறைச்சிக் கடை ஹினெக். ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரம், ஏதாவது ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போவோம். சக்கரத்தின் இரு பக்கமும் பைகள், பின்னால் கூடாரம். ஹினெக்கின் பைகளில் ஒன்று முழுக்கப் புகைபோட்ட சாஸேஜ். இன்னொன்றில், அது தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் எடுத்து வந்த சாஸேஜ்.

ராடிம் நான்காவதாக வந்து சேர்ந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் தெருவில் வீடு வாங்கினான். நில அளவையாளனாக இருந்தவன், மனைவியை இழந்தவன். நல்லவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது.

நீங்கள் காரில் போகிறவர், அதனால் விளக்கிவிடுகிறேன். எதிர்க்காற்று அடிக்கும்போது பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் முதுகில் ஒளிந்துகொள்ள வேண்டும். என் பின்சக்கரத்துக்கும் அவருடைய முன்சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்த இடத்தில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. என் பைகள் தெரியும், என் வலது கை தெரியும். கை தரையைச் சுட்டினால் குழி. முதுகுக்குப் பின்னால் வந்து ஆடினால், நடுவில் ஏதோ நிற்கிறது, ஒதுங்கு. உள்ளங்கை உயர்ந்தால் நிறுத்து. அவர் அதையே தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவார். கையைச் சந்தேகப்படக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாச் சைக்கிள்காரர்களுக்கும் எழுதாத சட்டம். சந்தேகப்பட்டுத் தலையை நீட்டினால் சக்கரம் உரசி எல்லோரும் விழ வேண்டியதுதான்.

இருபத்தொரு கோடைகளில் நான் ஒரு குழியைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு முள்ளெலியைக்கூட.

போன வருஷம் டான்யூப். பஸ்ஸாவு வரை ரயிலில் போய், அங்கிருந்து கரையோரமாக வியன்னாவரை மிதித்து, ரயிலேறி வீடு திரும்புவது திட்டம். திட்டம் போட்டவன் நான். குளிர்காலம் முழுக்க வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். லிபூஷெ அதன் மேல்தான் காய்கறி நறுக்கினாள்.

ராடிமின் சைக்கிள் கைப்பிடியில் ஒரு சின்னத் திரை இருந்தது. அது பேசும். பெண் குரல், மிகவும் பொறுமையான குரல். முதல் நாள் நான் இடப்பக்கம் திரும்பியபோது அது வலப்பக்கம் திரும்பச் சொன்னது. நான் கவனிக்காத மாதிரி போனேன். நூறு மீட்டருக்குப் பிறகு, முடிந்தால் திரும்பி வரும்படி கேட்டுக்கொண்டது. ஹினெக் சிரித்த சிரிப்பில் ஆற்றில் இருந்த வாத்துகள் கிளம்பிவிட்டன.

மூன்றாம் நாள் ஒரு பாலம் பழுதுபார்ப்பில் இருந்தது. நான் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி, ஒரு மேட்டின் மேலே ஏறி இறங்கும் வழியைச் சொன்னேன். அழகான வழி. ராடிம் தொண்டையைச் செருமி, இங்கிருந்து நானூறு மீட்டரில் ஒரு சின்னப் படகு இருக்கிறது, சைக்கிளோடு ஏற்றிக்கொள்வார்கள், என்று திரை சொல்வதாகச் சொன்னான். படகு இருந்தது. ஏழு நிமிஷத்தில் அக்கரை. அக்கரையில் ஆப்ரிகாட் பழம் விற்ற பெண்மணியிடம் ஹினெக் இந்தக் கதையைச் சொன்னான். அன்று மாலைக்குள் மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை மேடு மலையாகியிருந்தது.

நான்காம் நாள் மாலை டுல்ன் ஊருக்கு வெளியே கூடாரம் போட்டோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. பீர், ரொட்டி, ஹினெக்கின் இரண்டாவது பை. அங்கேதான் அவன் பேச்சை எடுத்தான்.

"தலைவரே, கோவிச்சுக்காதீங்க. இருபத்தொரு வருஷமா உங்க முதுகையே பாத்துட்டு வர்றேன். என் பொண்டாட்டி முதுகைக்கூட இவ்வளவு பாத்ததில்ல. அடுத்த வருஷம் ராடிமோட முதுகைப் பாத்துட்டு வர்றேனே."

வாக்கெடுப்பு வைத்தார்கள், என்னைத் தவிர்த்து. ஜனநாயகம் எங்கள் நாட்டுக்குச் சும்மா வரவில்லை, நாலு பேர் பீர் குடிக்கிற இடத்திலும் அதைக் கடைப்பிடிப்போம். ஹினெக் கையைத் தூக்கினான். ராடிம், தலைவர் இருக்கும்போது தான் எப்படி என்று இழுத்தான், தூக்கவில்லை. லிபூஷெ ஒரு வாய் பீர் குடித்துவிட்டுத் தூக்கினாள். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த அவகாசம் அந்த ஒரு வாய் பீர்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ராடிம் நல்லவன் என்று சொன்னேனே. நல்லவர்களுக்கு ஆறுதல் சொல்லாமல் இருக்க முடியாது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை போட்டான்.

"இத்தனை வருஷம் உழைச்சுட்டீங்க தலைவரே. இனிமே பின்னாடி ஜாலியா வேடிக்கை பாத்துட்டு வாங்க."

ரயில்வே என்னை அனுப்பியபோதும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அவர்களாவது ஒரு கடிகாரம் கொடுத்தார்கள்.

நான் கோபப்படவில்லை, இன்ஸ்பெக்டர். வாழ்த்துச் சொன்னேன். அவன் கோப்பையில் என் கோப்பையை இடித்தேன், கண்ணைப் பார்த்து இடித்தேன், நம் வழக்கப்படி. பிறகு ஒரு யோசனை சொன்னேன். வியன்னாவில் ரயிலேற வேண்டாம், என் கடைசிப் பயணம் அல்லவா, வடக்கே திரும்பி மொராவா ஆற்றோரமாகவும் பிறகு நம் டியே ஆற்றுக் கரையிலும் மிதித்தே வீட்டுக்குப் போகலாம் என்றேன். லிபூஷெயின் கண் கலங்கிவிட்டது. ஹினெக்குக்குக்கூட மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. ராடிம் திரையைத் தட்டிப் பார்த்து, அருமையான வழி என்று அதுவும் ஒப்புக்கொண்டதாகச் சொன்னான். நானும் அதுவும் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

டியே ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரை உங்களுக்குத் தெரியும். மேலே தார்ப்பாதை. வயல் வழி குறுக்கிடும் இடங்களில் கார் ஏறிவிடாமல் இருக்க, பாதைக்கு நட்டநடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம். மூன்றாவது கம்பம் பாப்ளர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பெயிண்ட் உதிர்ந்து நிழலின் நிறத்துக்கே வந்துவிட்டது. காலை ஒன்பதரைக்கு மரங்களின் நிழல் பாதையில் கோடு கோடாக விழும், அதில் கம்பமும் ஒரு கோடு. ஒவ்வொரு மே மாதமும் நான் அந்தப் பக்கம் தனியாகப் போவேன். எனக்கும் அந்தக் கம்பத்துக்கும் பத்து வருஷப் பழக்கம்.

ஐந்தாம் நாளிலிருந்து நான் கைகாட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இதில் என்னைப் பாராட்ட வேண்டும். குழிக்குக் காட்டினேன், கூழாங்கல்லுக்குக் காட்டினேன், குதிரைச் சாணத்துக்குக் காட்டினேன். ஒரு நத்தைக்குக் காட்டினேன். ஐந்தாம் நாள் ராடிம் அவ்வப்போது தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், அளவையாளன் புத்தி. ஆறாம் நாள் மதியம் நீட்டுவதை விட்டுவிட்டான். என் பைகளைப் பார்த்தபடி, அடுத்த வருஷம் எல்பே ஆறு, அங்கே எங்கெங்கே தங்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான். சக்கரங்களுக்கு நடுவே சரியாக ஒரு சாண். இரண்டு வருஷத்தில் அவன் இவ்வளவு நன்றாகப் பின்னால் வந்ததில்லை.

ஏழாம் நாள் காலை கரையில் ஏறியபோது எதிர்க்காற்று பலமாக இருந்தது. இருக்கும் என்று தெரியும். அந்தக் கரையில் ஆகஸ்டில் எப்போதும் அப்படித்தான். ஹினெக்குக்கு மூச்சு வாங்கியது, நூறு மீட்டர் பின்னால் வந்தான். லிபூஷெ அவனுக்குத் துணையாக. ராடிம் மட்டும் என் முதுகில்.

முதல் கம்பத்துக்குக் கையைக் காட்டினேன். இரண்டாவதற்கும் காட்டினேன்.

"உங்க பின்னாடி வர்றது சோபாவுல உக்காந்து வர்ற மாதிரி இருக்கு, தலைவரே," என்றான் ராடிம். "கண்ணை மூடிட்டே வரலாம்."

அப்போது வேகம் இருபத்தெட்டு கிலோமீட்டர். வழக்கத்தைவிட நான்கு அதிகம், ஆனால் அவன் குறை சொல்லவில்லை. மூன்றாவது கம்பத்துக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது நான் இடுப்பை ஒடித்து இடப்பக்கம் வளைந்தேன். என் வலது பை கம்பத்தில் உரசியது. துணி கிழிந்தது. இன்னும் தைக்கவில்லை, வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

என் வலது கை கைப்பிடியில்தான் இருந்தது.

நான் செய்தது அவ்வளவுதான், இன்ஸ்பெக்டர். இன்னும் சரியாகச் சொன்னால், செய்யாதது அவ்வளவுதான். ராடிம் நல்ல தலைக்கவசம் போட்டிருந்தான், விலை உயர்ந்தது, அதில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்துக்கு யாரும் கவசம் செய்வதில்லை. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். லிபூஷெ இரண்டு முறை பார்க்கப் போனாள். அவன் கண் திறக்கவில்லை. அந்தத் திரை மட்டும் புல்லில் கிடந்தபடி, நேராகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது. அணைக்க எனக்குத் தெரியவில்லை. ஹினெக் வந்துதான் அணைத்தான்.

சவ அடக்கத்துக்கு எல்லோரும் சைக்கிளில் போனோம். நான் முன்னால் போனேன். மற்ற இருவரும் என் பின்னால் வந்தார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமில்லை, அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகுதான் உங்கள் துறையின் அறிக்கை வந்தது.

கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்காதது தவறு என்று எழுதியிருந்தீர்கள். சரி, கம்பம் மறுத்துப் பேசாது. அதற்கு அடுத்த வரிதான். "வயது காரணமாக, முன்னால் சென்றவர் தடையை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை." யார் எழுதியது என்று கேட்கவில்லை. படித்துவிட்டு லிபூஷெ அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள், அடுத்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

மருத்துவர் காட்டிய எல்லா வரிகளையும் படித்தேன். அட்டையின் மூலையில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன். கண்ணாடிகூடத் தேவையில்லை என்றார். லிபூஷெ அவரிடம் கிசுகிசுப்பாக, என் மனம் நோகக் கூடாது என்றுதானே சொல்கிறீர்கள் என்று கேட்டாள். ஹினெக்கிடம் சொன்னேன். சாஸேஜை நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"சரிதான் தலைவரே. அப்படியே அந்த டாக்டருக்கும் ஒரு கண் டெஸ்ட் எடுத்துடலாம்."

அன்பாகத்தான் சொன்னான். இப்போதெல்லாம் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். சாலையைக் கடக்கும்போது கடைக்காரப் பெண் என் முழங்கையைப் பிடிக்கிறாள். வருகிற ஜூலையில் எல்பே பயணம், ராடிம் போட்டு வைத்த வழியிலேயே, அவன் நினைவாக. லிபூஷெ முன்னால் போகிறாள். ஹினெக் நடுவில். நான் கடைசி. எனக்கு வெளிர் மஞ்சளில் ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறாள், பின்னால் வருகிற கார்களுக்குத் தெரிவதற்காக.

அதனால்தான் வந்தேன். நான் அந்தக் கம்பத்தை எண்பது மீட்டருக்கு முன்பே பார்த்தேன். பார்த்து, யோசித்து, முடிவெடுத்து, கையைக் காட்டாமல் விட்டேன். ராடிமைக் கொன்றது நான், என் கண் அல்ல. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குத் தெரியும்.

எனக்கு அறிக்கையின் திருத்திய பிரதி ஒன்று வேண்டும், முத்திரையோடு. லிபூஷெயிடம் காட்ட வேண்டும். ஜூலை பத்தாம் தேதி கிளம்புகிறோம், இந்த முறை நான்தான் முன்னால் போக வேண்டியிருக்கும். அதற்குள் கிடைத்துவிடும் அல்லவா?