ஒற்றைச் சொல் தங்கிய வாய்

அவைக்கு அழகு சேர்க்கும் மன்றத் தலைவர் உயர்திரு உடையப்பன் அவர்களே! ஆண்டுவிழா என்ற பெயரில் ஒரு மாதமாக எங்களையும் ஆட்டி, தாமும் அலைந்து திரிந்து, இன்று அமைதியே உருவாக அமர்ந்திருக்கும் செயலாளர் சேது அவர்களே! மாதர் பகுதியின் மாசற்ற தலைவி நல்லம்மாள் அவர்களே! ஆற்றைக் கடந்து பாசிர் பெனம்பாங்கிலிருந்து வந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! பால்வாளி சுமந்த தோளோடும் செம்பனைக் குலை சுமந்த முதுகோடும், களைப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தாய்க்குலமே! தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவரையும் உள்ளத்தால் வணங்கி உரையைத் தொடங்குகிறேன்.

என் பெயர் மாடில்டா. இதே தோட்டத்தின் நான்காவது லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். இப்போது குவாலா சிலாங்கூரில் தாதியாகப் பணிபுரிகிறேன். "ஊசி போடுற பிள்ளைக்கு மேடையில என்ன வேல?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது என் காதில் விழுகிறது. இருங்கள் அண்ணே, உங்களுக்கும் ஒரு நாள் ஊசி போடுவேன், அன்றைக்கு விடை சொல்கிறேன்!

பெருமக்களே, எவ்வளவோ பொருள் பற்றி இந்த மேடையில் பேசியிருக்கிறார்கள். மொழி பற்றிப் பேசினார்கள், உரிமை பற்றிப் பேசினார்கள். பேச்சைப் பற்றி யாராவது பேசினார்களா? "தண்ணீர் கொடு" என்று சொல்கிறோமே, அந்த இரண்டு சொல் எங்கே பிறந்தது? நாவிலா? நெஞ்சிலா? தொண்டையிலா? யாருக்காவது தெரியுமா?

"நாக்குல தான்" என்கிறார் அப்பளசாமி அண்ணன். நன்றி அண்ணே. தவறான விடைதான், ஆனால் தனியாகத் தவறவில்லை நீங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகத்து வைத்தியர்கள் எல்லாரும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்!

எகிப்து நாட்டில், மூவாயிரம் ஆண்டுக்கும் முந்திய ஒரு பழஞ்சுவடி இருக்கிறது. கன்னப்பொறியில் அடிபட்டவன் பேச்சற்றுப் போனான் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். தலையில் அடி, வாயில் ஊமை. எழுதினார்களே தவிர, இரண்டையும் இணைக்கும் நூல் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு ரோமாபுரி வந்தது. நாக்கு முடங்கியதா? கடுகை மெல்லு, வெங்காயத்தை மெல்லு, நாக்கில் காரத்தைத் தடவு என்றார்கள். பாவம் நாக்கு! யாரோ செய்த குற்றத்துக்கு யாரோ வாங்கிய அடி!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கிறோமா இல்லையா? போன ஆண்டு, எண்பத்தைந்தாம் ஆண்டில், ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவருக்கும் அதையே தேய்த்தோம். அந்த மனிதர் இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆற்றோரத்து உணவுக்கடை மதார் சாகிபு அவர்கள். அவர் துணைவியார் சுல்தானா அம்மா அருகில் இருக்கிறார். மதார் சாகிபின் கதையை மேடையில் சொல்லலாமா என்று நேற்று வீட்டுக்கே போய் அவரிடமே கேட்டேன். என் தலையில் கை வைத்தார். அந்த அனுமதியோடுதான் பேசுகிறேன்.

மதார் பாயின் குரலை அறியாதவர் இங்கே உண்டா? "தே தாரேக் ரெண்டு! முர்தபா ஒண்ணு! வெங்காயம் தூக்கலா!" என்று அவர் கடையில் கூவினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீன் இறக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட குரல் ஒரு காலை வேளையில், ஒரு தட்டை நீட்டும்போது, பாதிச் சொல்லில் நின்றது. வலக்கை தொங்கியது. வலக்கால் மடிந்தது. வாய் திறந்தது, சொல் வரவில்லை.

மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்தார். தேனில் குழைத்த வசம்பு வந்தது, தாயத்து வந்தது, ஓதிய தண்ணீர் வந்தது. சில வாரத்தில் ஒரே ஒரு சொல்லும் வந்தது. என்ன சொல் தெரியுமா? "இல்ல."

"சாப்டீங்களா?" என்றால் "இல்ல". சோற்றுப் பருக்கை விரலில் ஒட்டியிருக்கும்! "தூக்கம் வருதா?" "இல்ல." சொல்லும்போதே கண் செருகும். சொன்ன பிறகு தம் வாயையே அடித்துக்கொள்வார். சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் திருத்த முடியாது. அந்த வேதனையை நான் என் கண்ணால் பார்த்தேன், ஐயா. இருபது ஆண்டுத் தாதி வேலையில் அப்படி ஒரு தவிப்பை நான் பார்த்ததில்லை.

இப்போது என்னோடு பாரிசு நகரத்துக்கு வாருங்கள். பாஸ்போர்ட் வேண்டாம், பயப்படாதீர்கள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தோராம் ஆண்டு. ஒரு பெரிய மருத்துவமனையில் இருபது ஆண்டுக்கு மேல் கிடந்த ஒரு நோயாளி. எதைக் கேட்டாலும் அவர் வாயில் "டான், டான்" என்ற ஓர் ஒலிதான். அதனாலேயே அவரை டான் என்று அழைத்தார்கள். வலக்கை வராது, வலக்கால் வராது. ஆனால் கேட்பதெல்லாம் புரியும். இடக்கையால் விடை காட்டுவார். காட்டியதை எதிரில் இருப்பவன் புரிந்துகொள்ளாவிட்டால் கோபம் வரும். கோபம் உச்சிக்கு ஏறினால், "டான்" மட்டுமே தெரிந்த அதே வாயிலிருந்து முழுசாக ஒரு வசைச்சொல் வந்து விழும்!

அந்த மனிதர் இறந்தார். புரோக்கா என்ற அறுவை மருத்துவர் அவர் மண்டையைத் திறந்து பார்த்தார். நாக்கில் குற்றமில்லை. தொண்டையில் குற்றமில்லை. மூளையின் இடப்பக்கத்தில், முன்புறத்தில், ஒரு கையளவும் இல்லாத ஓரிடம் சிதைந்திருந்தது. அங்கே! அங்கே இருந்தது ஐயா பேச்சு! காவியம் பிறந்ததும் அங்கே, தாலாட்டுப் பிறந்ததும் அங்கே, வேலை வாங்கும் மண்டோர் நம்மைத் திட்டிய திட்டெல்லாம் பிறந்ததும் அங்கே! அந்த மூளையை இன்றும் பாரிசில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பேச முடியாத ஒரு மனிதர், பேச்சு எங்கே இருக்கிறது என்பதை உலகத்துக்கே சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு முடிந்ததா? இல்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து வெர்னிக்கே என்ற இளம் மருத்துவர் ஜெர்மனியில் வேறொன்றைக் காட்டினார். சில நோயாளிகள் மடைதிறந்தாற்போல் பேசுகிறார்கள், ஆனால் பேச்சில் பொருளில்லை, பிறர் பேசுவதும் விளங்கவில்லை. அவர்களுக்குப் பழுது இன்னும் பின்னால், காதுப் பக்கத்தில். சொல்லை வெளியே விட ஓரிடம், உள்ளே வாங்க ஓரிடம்! இன்று தலைநகரில் மண்டையைத் திறக்காமலேயே உள்ளே பார்க்கும் படக்கருவி வந்துவிட்டது. தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இருங்கள் ஐயா, இனிமேல்தான் கதையே இருக்கிறது.

மதார் பாயின் மகள் பரீதாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு ரவாங், வேலை செரண்டா தொழிற்சாலையில். தந்தை விழுந்ததால் தள்ளிப்போன திருமணம், கடைசியில் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. இசுலாமிய முறைப்படி மகளைக் கட்டிக்கொடுக்கும் உரிமை தந்தைக்கு உரியது. தாமே நடத்திவைக்க முடியாதபோது, அதைத் தம் சம்மதத்தோடு இமாமிடம் அவர் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் நிக்காஹ்.

நான் திரைக்கு மறுபுறம், பெண்கள் பக்கத்தில், திரையின் ஓரம் வழியே பார்த்தபடி பரீதாவின் அருகில் இருந்தேன். தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதினார்கள். அப்போது நடந்தது பாருங்கள், பெருமக்களே! அத்தனை குரலுக்கும் நடுவில் ஒரு குரல் எழுந்தது. தடங்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி ஆமீன் வரை ஒரு சொல் உதிராமல் ஓதினார் மதார் சாகிபு! சுல்தானா அம்மா என் தோளைப் பிடித்தார். "யா அல்லாஹ், இவங்களுக்குப் பேச்சு வந்திருச்சு!" கூடமே குலுங்கியது.

அந்த ஆனந்தத்தில் இமாம் கேட்டார். "மதார் பாய், உங்க மக பரீதாவக் கட்டிக் கொடுக்குற பொறுப்ப எங்கிட்ட ஒப்படைக்கச் சம்மதமா?"

"இல்ல."

இமாம் மறுபடி கேட்டார். "இல்ல." மூன்றாம் முறை கேட்டார். "இல்ல... இல்ல... இல்ல!"

மாப்பிள்ளையின் மாமா சலாவுதீன் எழுந்துவிட்டார். "போதும் லா! இப்பத்தானே எங்க காதுபட ஓதுனாரு? ஓத வாய் வருது, சம்மதம் சொல்ல வாய் வரலையா? மனசு இல்லாத எடத்துல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம். எந்திரிங்கடா!"

அவரைக் குறை சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். ஓதும் வாய் பொய் சொல்லாது என்று நம்பும் ஊர் இது. முழுதாக ஓதினவர் முழுதாகக் குணமானார் என்றுதானே நாமும் நினைப்போம்? இமாமும் கையைப் பிசைந்தார். மூன்று முறை மறுத்த தந்தையின் மகளை எப்படிக் கட்டிவைப்பது? பரீதா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். "அக்கா, அத்தா வேணாங்குறாங்களா? நெசமாவே வேணாங்குறாங்களா அக்கா?"

அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது, சுவீடன் நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை ஒருவன். பாரிசுக்கும் நூறாண்டு முந்தி எழுதப்பட்ட செய்தி. நோயில் பேச்சிழந்தான். "ஆம்" என்ற ஒரே சொல்தான் மிச்சம். ஆனால் தேவாலயத்தில் யாராவது தொடங்கிவைத்தால் பழைய துதிப்பாடல்களைத் தெளிவாகப் பாடுவான்! மனப்பாடமான வேண்டுதல்களையும் சொல்வான்! ஒரு குவளைத் தண்ணீர் கேட்கச் சொல் வராது!

எப்படி ஐயா இது? நினைத்து நினைத்துக் கோக்கும் சொல் ஒரு வழியில் வருகிறது, நெஞ்சில் ஊறிய சொல் வேறொரு வழியில் வருகிறது. மூளையின் வலப்பக்கம் அதைக் காக்கிறதோ என்று சொல்கிறார்கள். முடிவாக இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லாம் இடிந்த வீட்டில் தொழுகை அறை மட்டும் நிற்கிறது என்றால், மண்டியிடாமல் வேறென்ன செய்வேன் நான்?

திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். "இமாம்! அவர் பேர் மதார் சாகிபு தானான்னு கேளுங்க!"

இமாம் திகைத்தார். ஆனாலும் கேட்டார். "பாய், உங்க பேரு மதார் சாகிபுதானே?"

"இல்ல."

"இது உங்க வீடுதானே?"

"இல்ல."

யாரோ சிரிக்கத் தொடங்கி, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள். சலாவுதீன் மெதுவாக உட்கார்ந்தார். இமாம் நல்ல மனிதர், கற்றறிந்தவர். அவர் முகம் தெளிந்தது. "பேச இயலாதவரோட விளங்குற சைகை, மார்க்கத்துல சொல்லுக்குச் சமம். பாய், நீங்க வாயால சொல்ல வேணாம். சம்மதம்னா காட்டுங்க."

கேளுங்கள் பெருமக்களே. மதார் சாகிபு எழுந்தார். தாங்க வந்தவரைத் தள்ளினார். காலை இழுத்து இழுத்து மாப்பிள்ளைக்கு முன்னால் போய் அமர்ந்தார். வேலை செய்யும் இடக்கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நல்ல காரியத்துக்கு நீட்டுவது வலக்கையல்லவா? அந்த வலக்கையோ செத்துக் கிடக்கிறது. இடக்கையால் வலக்கையைத் தூக்கினார். நழுவியது. மறுபடி தூக்கினார். தம் கையைத் தாமே சுமந்து கொண்டுபோய், மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். வைத்து அழுத்தினார். கண்ணீர் தாடியில் வழிகிறது. வாய் அப்போதும் "இல்ல... இல்ல..." என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது!

வாய் இல்லை என்றது, கை கொடுத்தேன் என்றது. முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று உரக்கச் சொன்னவர் சலாவுதீன் மாமாதான். நிக்காஹ் நடந்தது. பரீதா இன்று ரவாங்கில் நலமாக இருக்கிறாள்.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். நம் லயங்களில் இப்படி எத்தனை பேர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? "கெழவனுக்குப் புத்தி போச்சு" என்று அவர் காதுபடவே சொல்கிறோமே, அவர் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்? பேச்சுப் போனவரெல்லாம் புத்தி போனவரா? கை ஒரு பக்கம் தொங்கி வாய் குழறினால் வசம்பைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். மருத்துவமனைக்கு ஓடுங்கள். திரும்பி வந்தவரிடம் பேசுங்கள், பாடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். சொல் வரும்வரை காத்திருங்கள். வராவிட்டால் அவர் கையைப் பாருங்கள். உள்ளே ஒரு முழு மனிதர் விழித்துக்கொண்டிருக்கிறார்!

பொறுமை காத்த தலைவருக்கும், புழுக்கத்திலும் எழுந்து போகாத உங்களுக்கும், தம் துயரத்தை ஊருக்குப் பாடமாகத் தந்த மதார் சாகிபு குடும்பத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மேடையில் பேசுகிறவர்கள் கடைசியில் ஒரு சொல் சொல்லி விடைபெறுவது வழக்கம். இன்றைக்கு அந்தச் சொல்லை நான் சொல்லப் போவதில்லை. இதோ, கைகளை மட்டும் கூப்பி நிற்கிறேன். உங்களுக்கு விளங்குகிறதல்லவா?