கரடிக்குப் பக்கத்து மேசை

மடக்கு மேசை எதுவும் நான்கு காலிலும் சரியாக நிற்பதில்லை. கண்காட்சி என்றால் அட்டைத் துண்டுகளை மடித்துச் சட்டைப் பையில் எடுத்துப் போவேன். அன்று இடது முன்கால் மட்டும் எதற்கும் அடங்கவில்லை. துணியைத் தரை வரை இறக்கி, யார் காலிலும் சிக்காதபடி ஊசி குத்தினேன். விசிறிக் காற்றில் பெயர் அட்டைகள் பறக்காமல் கண்ணாடிக் குண்டுகள் வைத்தேன்.

எங்கள் வேட உடை மன்றத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் விதி உண்டு. மேசைக்கு இருவர், எந்நேரமும் ஒருவராவது நாற்காலியை விட்டு எழாமல் இருக்க வேண்டும். போன வருடம் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு கிரீடம் காணாமல் போனது. அன்று என்னோடு உட்கார வேண்டியவருக்குக் காய்ச்சல். நான் தனி ஆள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேசை நடுவில் ராஜ அங்கி. என் அப்பா கையால் தைத்தது என்று முப்பது வருடமாக அட்டை வைக்கிறோம். எங்கள் குடும்பத்துக்கு மரியாதை அதனால் வந்தது. காலையில் அதைத் தூசி தட்டிய என் தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, காலர் உள்மடிப்புல யாரோ ஒரு தையக்கார அம்மா பேரு இருக்கு. அப்பா தைச்சது இல்ல இது."

"இருந்தா இருக்கட்டும்."

"நாலு மணிக்கு மைக்ல சொல்லப் போறேன். புது அட்டையும் எழுதிட்டேன்."

"பெத்த அப்பனைத் திருடன்னு சொல்லப் போற."

"வேற வீட்டு அப்பான்னா நீங்களே முதல்ல சொல்லியிருப்பீங்க."

"கரடித் தலைக்குள்ள இருந்து கத்து. யாருக்குக் கேக்கும்?"

"தலையைக் கழட்டிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சிரித்தான்.

அன்று அவன் போட இருந்த கரடி உடை அவனே செய்தது. உள்ளே கனத்த பஞ்சு. தலை உடம்போடு கொக்கியில் மாட்டியிருக்கும், ஜிப் முதுகில். போட்டவரால் தானாகக் கழற்ற முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை துணையாள் திறந்துவிட வேண்டும். அதற்குள் மூச்சு முட்டினால் மேசையில் இரண்டு தட்டு. அன்று துணையாளும் நான்தான். மூன்று மணிக்கு நானே ஜிப்பை ஏற்றினேன்.

மூன்றரைக்கு இரண்டு தட்டு கேட்டது. மேசையைச் சுற்றிக் கூட்டம். எல்லாக் கைகளும் அங்கியைத் தொட வருகின்றன. நான் எதைத்தான் பார்ப்பது? சற்றுப் பொறுத்து மறுபடி இரண்டு. கரடி தலையைப் பிய்த்துக்கொள்வதுபோல் ஆடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"உங்க கரடி பிரமாதமா நடிக்குது பெரியவரே" என்றார் ஓர் அம்மாள்.

"எங்க வீட்டுப் பிள்ளை" என்றேன்.

மூன்றாம் முறை ஒரே தட்டு. பிறகு கரடி மண்டியிட்டு, மேசைத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டது. சிலர் படம் எடுத்தார்கள். நாலு மணிக்கு மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கரடி அசையவில்லை.

விதியை மீறி எப்படி எழுவேன்? என் நிலையில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஜிப் நாற்காலியிலிருந்து எட்டும் தூரம் என்கிறீர்கள். ஆமாம், எட்டும். எழ வேண்டியதில்லை. ஆனால் அவன் சாய்ந்ததில் மேசை ஆடியது. அங்கி விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுதிய அட்டையைத் தேடுகிறீர்களாம். இடது முன்காலுக்கு அடியில் பாருங்கள். அவன் உடைக்குள் போனதுமே நான்காக மடித்து வைத்துவிட்டேன். பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வையுங்கள். அது இல்லாவிட்டால் மேசை நிற்காது.