பாஸ்டரம்மாவின் ஆட்சேபணை

திங்கட்கிழமை காலை கும்மிடிப்பூண்டி ரயில் பொன்னேரியைத் தாண்டியதும், என் எதிர் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இருந்த பெண் சொன்னாள்: "எங்க பாஸ்டர் பொண்ணு கல்யாணத்துக்கு பாஸ்டரம்மாவே ஆட்சேபண சொல்லிட்டாங்கக்கா."

அதே சீருடையில், நெற்றி நிறையக் குங்குமத்துடன் இருந்த மூத்தவள் திரும்பினாள். "இன்னாடி சொல்ற? மாப்ள சரியில்லியா?"

"மாப்ள தங்கம். எங்க சர்ச்சுல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கெழம இன்னாருக்கு இன்னாருன்னு ஓலை வாசிச்சி, யாருக்காச்சும் ஆட்சேபண கீதான்னு கேப்பாங்க. பாஸ்டரு முப்பது வருசமா கேக்குறாரு, ஒருத்தரும் வாயத் தொறந்ததில்ல. நேத்து சொந்தப் பொண்ணு ஓலைய வாசிச்சாரு. அம்மா எழுந்து நின்னுட்டாங்க."

"ஐயோ! இன்னான்னு?"

"'கல்யாணத்த நீங்களே நடத்துனா, பொண்ணு கையப் புடிச்சிக் கூட்டியாற அப்பா எங்க? ஊருல கீற பொண்ணுக்கெல்லாம் பாஸ்டரா நின்னீங்க, இவளுக்கு அப்பாவா வாங்க'ன்னாங்க. பொண்ணு அழுவுது."

எனக்குத் தெரிந்து, முன்பே மணமானவரா, வயது நிரம்பாதவரா, நெருங்கிய இரத்த உறவா என்பவையே ஆட்சேபணைக்கு உரிய காரணங்கள். இது எதிலும் அடங்காது. அங்கேயே தள்ளுபடி செய்திருக்க வேண்டும்.

"பாஸ்டரு இன்னா பண்ணாரு?"

"'ஆட்சேபண சரி'ன்னாரு. அங்கயே நின்னுக்கினு ஆரணி பாஸ்டருக்கு போன் போட்டு, 'கல்யாணத்த நீ நடத்துப்பா, நான் பொண்ணோட அப்பா'ன்னாரு. சர்ச்சே கை தட்டிச்சி. அவரு போன வெக்கிற வரைக்கும் அம்மா உக்காரவே இல்லக்கா!"