காதுக்கு நோகாத கைத்துப்பாக்கி

நான் எதையும் அவசரப்பட்டு வாங்குகிறவன் அல்ல. எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தை வாங்க நான்கு மாதம் எடுத்தேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். எது தண்ணீர் குறைவாகக் குடிக்கும், எது கீழ் வீட்டுக்காரருக்குச் சத்தம் கொடுக்காது என்று விசாரித்தேன். அந்த நான்கு மாதமும் என் மனைவி சறோஜா கையால் துவைத்தாள், என்னைத் திட்டிக்கொண்டே. இயந்திரம் வந்து பதினொரு வருடமாகிறது. இன்னும் ஓடுகிறது.

விசாரணை நீதிபதி அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வியைத்தான். ஏன் அந்தத் துப்பாக்கி, ஏன் அந்தத் தோட்டா அளவு, அந்தக் காலிபர்? நான் முன்கூட்டியே திட்டமிட்டேனா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும் என்கிறார் என் வழக்கறிஞர். ஆகவே பேசாமல் இருக்கச் சொல்கிறார். எனக்கு மறைக்க எதுவும் இல்லை. நிதானமாகச் சொல்வதற்காகத் தமிழில் எழுதுகிறேன். துஷாந்தி என்ற பிள்ளை இதை இத்தாலிய மொழியில் மாற்றித் தருவாள். அவள் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பலேர்மோவில் நான் பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் வேலை செய்தேன். சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் அந்த வீட்டு அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் மிலானில். ஐந்தாம் மாடி வீடு. கூடத்து யன்னலில் நின்றால் துறைமுகம் தெரியும். நேப்பிள்ஸ் கப்பல் புறப்படும் நேரம் சிஞ்ஞோராவை யன்னலடிக்குக் கொண்டுபோய் நிறுத்துவேன். "பார் அல்பேட்டோ, நாம் போகாத கப்பல்" என்பார். என் பெயர் அல்பேட். அந்த வீட்டில் ஓகாரம் சேர்ந்து அல்பேட்டோ ஆகியிருந்தேன். நான்காவது வருடம் அவருடைய கடவுச்சொற்கள் எனக்குத் தெரிந்தன. பத்தாவது வருடம் அவரைக் குளிப்பாட்டத் தொடங்கினேன். கடைசி வருடங்களில், தன் மகளின் பெயர் வராத நாட்களிலும் என் பெயர் அவருக்கு வந்தது.

போன வருடம் தை மாதம் என் அக்காவின் மகள் கலியாணத்துக்காக இரண்டு மாதம் மன்னாருக்குப் போகவேண்டியிருந்தது. இந்த நகரத்தில் எங்கள் ஆட்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஊருக்குப் போகிறவர் தன் இடத்துக்கு மாற்றாளை வைத்துவிட்டுப் போவார். மாற்றாள் வேலையைச் சரியாகச் செய்யவேண்டும், ஆனால் ஊருக்குப் போனவரை விடக் கொஞ்சம் மட்டமாக. சிஞ்ஞோராவுடன் இருந்து ரீவி பார்க்கக் கூடாது. புதிதாக எதையும் சமைத்துக் கொடுக்கக் கூடாது. யாராவது புகழ்ந்தால், "அவர் இன்னும் நல்லாச் செய்வார்" என்று சொல்லவேண்டும். கடைசி வாரம் ஒரு கோப்பையாவது உடைக்கவேண்டும் என்று பகிடியாகச் சொல்வோம். திரும்பி வருகிற ஆளை வீடு தேடியிருக்கவேண்டும், அதுதான் காரணம்.

நான் கொன்ஸ்ரன்ரைனை வைத்தேன். எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவன், முப்பத்துநாலு வயது. அவனுடைய மகள் மொனிகாவுக்கு நான்தான் ஞானத்தகப்பன். வேலை இல்லாமல் பல்லரோ சந்தையில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு கிழமை, ஏழு நாளும் அவனை என்னுடன் வைத்துப் பழக்கினேன். எந்த மருந்துக் குளிசை எந்த நேரம், கோப்பி எவ்வளவு சூடு, தோடம்பழத்தின் வெள்ளை நாரை எப்படி உரிப்பது, எல்லாம் காட்டினேன். ஒன்று கூடுதலாகவும் சொன்னேன்.

"அவா உன்னை அல்பேட்டோ எண்டுதான் கூப்பிடுவா. திருத்தப் போகாதை. திருத்தினால் பயந்திடுவா."

"அப்ப நான் ரெண்டு மாசம் அண்ணையா?" என்று சிரித்தான். "சறோஜா அக்கா சோறு போடுவாவோ?"

"அக்கா எனக்கே போடுறேல்லை" என்றேன். அன்று எல்லோரும் சிரித்தோம்.

பங்குனியில் திரும்பி வந்தேன். விமான நிலையத்திலிருந்து சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு, உடுப்பும் மாற்றாமல் சிஞ்ஞோரா வீட்டுக்குப் போனேன். சிஞ்ஞோரா யன்னலடியில் இருந்தார். என்னை மரியாதையாகப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "அல்பேட்டோ, யார் இந்தப் பெரியவர்? தாகமாக வந்திருப்பார், தண்ணீர் கொடு" என்றார். கொன்ஸ்ரன்ரைன் தண்ணீர் கொண்டுவந்தான். விருந்தாளிகளுக்கு என்று நான் தனியாக எடுத்து வைத்திருந்த குவளையில் கொண்டுவந்தான். நான் குடித்தேன்.

அன்று மாலை மகள் மிலானிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அம்மா அமைதியாக இருக்கிறார், இப்போது ஆளை மாற்றிக் குழப்பவேண்டாம், எனக்கு நல்ல கடிதம் ஒன்று எழுதித் தருவாள், என் சேவையை மறக்கமாட்டாள் என்றாள். எல்லாவற்றுக்கும் நன்றி என்றேன்.

கொன்ஸ்ரன்ரைனைப் படிக்கட்டில் வைத்துக் கதைத்தேன். சத்தம் போடவில்லை.

"நான் என்ன செய்ய அண்ணை? போறன் எண்டு சொல்லிப் பாத்தன். கையைப் பிடிச்சுக்கொண்டு அழுறா. உங்களைக் காட்டி, இவர்தான் அல்பேட்டோ எண்டும் சொன்னன். அவா என்னைப் பாத்து, உனக்குக் காய்ச்சலோ எண்டு கேக்கிறா."

"நீ ஒரு கோப்பையாவது உடைச்சியோ?"

அவன் தலையைச் சொறிந்தான். "கை வரேல்லை அண்ணை. எல்லாம் நல்ல கோப்பையள்." பிறகு, "கிழமையில மூண்டு நாள் நீங்கள் வாங்கோவன். மிச்சம் நான் பாக்கிறன்" என்றான்.

என் வீட்டில் எனக்கு மூன்று நாள் தருகிறான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் நல்ல பிள்ளை. இதை நான் எல்லா விசாரணையிலும் சொல்லியிருக்கிறேன்.

சித்திரையில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. துறைமுகப் பக்கம் அலுவலகப் படிக்கட்டுகள் கழுவும் வேலை கிடைத்திருந்தது. பின்னேரங்கள் வெறுமையாக இருந்தன. சிஞ்ஞோராவின் கணவர் உயிரோடு இருந்தபோது என்னைச் சுடும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். எனக்குக் கை நடுங்காது என்று சொல்வார். இப்போது நான் இத்தாலியக் குடியுரிமை உள்ளவன், பொலிஸில் ஒரு முறைப்பாடும் இல்லை. வைத்தியரின் சான்றிதழ், மைதானத்தின் சான்றிதழ், எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தேன்.

"அம்பத்தொரு வயசில விளையாட்டோ?" என்றாள் சறோஜா. "பந்து அடிக்கப் போங்கோ. வண்டி வயிறாவது குறையும்."

"பந்து அடிக்க ஆள் வேணும். இது தனிய விளையாடலாம்."

"இஞ்சருங்கோ, அந்த வீட்டை விடுங்கோ. அவா உங்கட தாய் இல்லை."

சறோஜாவும் வீட்டு வேலைதான் செய்கிறாள், ஆனால் ஆறு வீடு மாறியவள். ஒரு வீட்டில் தங்கிப் பழகாதவளுக்கு அதை விளங்கப்படுத்த முடியாது.

புரட்டாசியில் அனுமதி வந்தது. கடைக்குப் போனேன். விற்பனையாளர் பொறுமையான மனிதர். தானியங்கி வகை, விலை அதிகமில்லாதது வேண்டும் என்றேன். மூன்றை எடுத்துத் துணியில் வைத்தார். முதலாவது இருபத்திரண்டு காலிபர், சிறியது. துப்பாக்கி ரவை மலிவு, கையை உதைக்காது, சத்தமும் குறைவு. இரண்டாவது ஒன்பது மில்லிமீற்றர், ஒருவர் பாவித்து விற்றது, பிடியில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மூன்றாவது நாற்பத்தைந்து. அதை எடுத்ததுமே திருப்பி வைத்தேன். விலையும் கூட, பாரமும் கூட.

"எதைச் சுடப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"காகிதத்தை."

"காகிதத்துக்கு எந்தக் காலிபரும் ஒன்றுதான். உங்களுக்கு எது சுகமோ அதை எடுங்கள்."

அன்று நான் எதையும் வாங்கவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து மூன்று கிழமை யோசித்தேன்.

இருபத்திரண்டுதான் எனக்கு ஏற்றது என்று முதலில் தோன்றியது. சிஞ்ஞோராவைத் தூக்கித் தூக்கி என் வலது மணிக்கட்டு பழுதாகிவிட்டது. உதைக்கிற துப்பாக்கி எனக்கு ஆகாது. அதைவிட முக்கியம் சத்தம். சிஞ்ஞோராவுக்குச் சத்தம் ஆகாது. ஆடி மாதம் சாந்தா ரொசாலியா திருநாளில் கடற்கரையில் வாணம் விடும்போது அவர் காதில் பஞ்சு வைத்து, பக்கத்தில் இருந்து, எல்லாம் முடியும்வரை தலையைத் தடவிக்கொண்டிருப்பேன். பதினெட்டுத் திருநாளும் அப்படித்தான், காது மந்தமான பிறகும் பஞ்சு கேட்பார். அவரைத் திடுக்கிடவைக்கும் ஒரு பொருளை நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

ஆனால் மைதானத்தில் ஒரு வயதானவர் கதையோடு கதையாகச் சொன்னார், சின்னக் காலிபர் பட்ட முயல் சாக நேரமெடுக்கும் என்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கொடுமைக்காரன் அல்ல. எங்கள் வீட்டில் கோழி உரிப்பதென்றாலும் சறோஜாதான் உரிப்பாள். கொன்ஸ்ரன்ரைன் நோவில் கிடக்கக் கூடாது. அவன் என் ஞானப்பிள்ளையின் தகப்பன். இப்படியே இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் அவருடைய காது, மறுபக்கம் அவனுடைய நோவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில்தான் விடை கிடைத்தது. சிஞ்ஞோரா மத்தியானம் இரண்டரைக்குப் படுப்பார், நான்கு மணிக்கு எழும்புவார். படுக்கும்போது இரண்டு காதுக் கருவிகளையும் கழற்றி நீலப் பெட்டியில் வைக்கவேண்டும். கழற்றினால் கதவை அடித்து மூடினாலும் கேட்காது. அந்தப் பழக்கத்தைக் கொன்ஸ்ரன்ரைனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். அடுத்த நாள் போய் ஒன்பதை வாங்கினேன். மணிக்கட்டுக்கு ஒரு பட்டி வாங்கினேன்.

ஆம், நீதிபதி அம்மா. அந்த ஞாயிறிலிருந்து எனக்குத் தெரியும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை போனேன். வீட்டுத் திறப்பு இன்னும் என் சாவிக்கொத்தில் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்று மணி இருக்கும். கொன்ஸ்ரன்ரைன் குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணையோ? வாங்கோ, வாங்கோ. இருங்கோ, தேத்தண்ணி போடுறன். அவா இப்பதான் படுத்தவா."

"காதில இருந்ததைக் கழட்டினியா?"

"ஓம் ஓம், பெட்டியில வைச்சிட்டன். நீங்கள் சொன்னமாதிரித்தானே எல்லாம் செய்யிறன்." அடுப்பைப் பற்றவைத்தான். "மொனிகா உங்களைக் கேட்டவள். பிறந்தநாளுக்கு வருவியளோ எண்டு. உங்களுக்குச் சீனி இல்லை என்ன?"

"இல்லை" என்றேன்.

அவன் சீனிப் போத்தலை மூடிவைக்கத் திரும்பியபோது சுட்டேன். இரண்டு முறை. இரண்டாவது தேவைப்பட்டிருக்காது, ஆனால் உறுதியாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவன் மனைவி கத்தரீனாவிடம் யாராவது இதைச் சொல்லவேண்டும். கொஞ்சமேனும் ஆறுதலாக இருக்கும்.

அடுப்பை அணைத்தேன். துப்பாக்கியைக் குளிர்ப்பெட்டியின் மேல் வைத்தேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் குளியலறையில் கை கழுவினேன். என் வீட்டில் எனக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தது. கூடத்தில் படிந்திருந்த தூசைத் துடைத்தேன். யன்னல் சேலையின் மடிப்பைச் சரிசெய்தேன். அவன் அதை ஒருபோதும் சரியாகச் செய்யவில்லை. மேசையில் இருந்த தோடம்பழம் ஒன்றை எடுத்து, நார் இல்லாமல் உரித்துத் தட்டில் வைத்தேன்.

நான்கு மணிக்கு சிஞ்ஞோராவின் அறைக்குப் போனேன். எழுப்பி, சாய்த்து இருத்தி, காதுக் கருவிகளைப் போட்டுவிட்டேன். இடது காதுக்கு எப்போதும் கொஞ்சம் திருப்பவேண்டும். என் கை மறக்கவில்லை. அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். தோடம்பழத்தில் ஒரு சுளையை வாயருகே கொண்டுபோனேன். அவர் வாய் திறக்கவில்லை.

"அல்பேட்டோ" என்றார்.

"இங்கே இருக்கிறேன், சிஞ்ஞோரா."

"அல்பேட்டோ எங்கே?"

"இங்கேதான்."

அதற்குப் பிறகு அவர் சத்தமாகக் கூப்பிடத் தொடங்கினார். கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்தது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அல்ல. பொலிஸார் வந்து என் கையில் விலங்கு போடும்போதும் அவர் நிறுத்தவில்லை. மூடியிருந்த குசினிக் கதவிலேயே அவர் கண்கள் இருந்தன என்றும், இறந்தவனைத்தான் கூப்பிட்டார் என்றும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு அந்தப் பக்கத்துக் கண்பார்வை குறைவு, அதனால் அப்படித் திரும்புவார். பதினெட்டு வருடம் பார்த்தவன் நான். என்னைக் கொண்டுபோகும்வரை, நாற்பது நிமிடமும் அவர் கூப்பிட்டது என் பெயரைத்தான். ஒவ்வொரு முறையும் நான் பதில் சொன்னேன்.