வேற யாரோ ஒருத்தி

அந்தப் பெட்டி வேணாம் சார், அடி பிஞ்சிருக்கு. தூக்கினீங்கன்னா மொத்தமும் காலுல கொட்டிடும். இதுல போடலாம், கையுறை வந்த பெட்டி, கெட்டியா இருக்கும். நீங்க உக்காருங்க, நான் எடுத்துப் போடறேன். அவ இங்க வரமாட்டேன்னு உங்கள அனுப்பிட்டா, எது அவளோடது, எது லேபோடதுன்னு எனக்குத்தான் தெரியும். அந்த ஸ்டூல்லயே உக்காருங்க. உங்க பொண்ணு நாலு வருஷம் உக்காந்த ஸ்டூல்தான். எங்க உக்காந்தா! கால்ல சக்கரம் கட்டினவ மாதிரி இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க.

நானா? டெக்னீஷியன் சார். பத்தொம்பது வருஷமா இங்கதான். இவங்கள்லாம் டாக்டர் பட்டம் வாங்கிட்டு வருவாங்க, மூணு நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணுவாங்க, பேப்பர் போடுவாங்க, வேற ஊர்ல வேலை கெடச்சதும் போயிடுவாங்க. நான் கண்ணாடி கழுவி, தீனி கலக்கிக்கிட்டு இங்கயே கெடப்பேன். தீனின்னா செல்லுக்கு சார். புட்டியில வளக்கறோமே, கேன்சர் செல்லு, அதுக்கும் ரெண்டு நாளுக்கு ஒரு தடவ பழசக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தணும். கைக்கொழந்த கணக்குதான். உங்க பொண்ணு என்ன அக்கான்னுதான் கூப்பிடுவா. எனக்கு அவளவிட இருபது வயசு கூட. இருந்தாலும் அக்காதான்.

அது ஒண்ணும் இல்ல சார், ஃப்ரீசர் கத்துது. கதவு சரியா மூடல. இதோ.

இந்தச் செருப்பு அவளோடது. ஸ்வெட்டரும். இந்தக் குவளை... காது ஒடஞ்சிருக்கு, ஆனா தூக்கிப் போட விடமாட்டா. பெட்டியில வெச்சுடறேன்.

நீங்க போன்ல என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் சார். அவ அந்த ஜன்னல்கிட்ட நின்னுதான் பேசினா. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குரல் கொஞ்சம் கனம், இங்க வரைக்கும் கேட்டுச்சு. உன்ன யாரு சொல்லச் சொன்னா, வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுதுன்னு கேட்டீங்க. அவ சரிப்பா, சரிப்பான்னு நாலு தடவ. வெச்சுட்டு வந்து நேரா மைக்ராஸ்கோப்பத் தொடைக்க ஆரம்பிச்சா. ஏற்கனவே தொடச்ச மைக்ராஸ்கோப்பு.

என்ன நடந்துச்சுன்னு முழுசா உங்களுக்குச் சொன்னாளா? நெனச்சேன். சொல்லியிருக்க மாட்டா.

அவ வந்த புதுசுல ஒரு அம்மாவுக்குக் கணையத்துல கட்டி. ஆபரேஷனுக்கு முன்னாடி இவ போய்க் கேட்டா, வெட்டி எடுக்கறதுல கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களான்னு. அந்தம்மா சிரிச்சாங்களாம். முழுசையும் எடுத்துட்டுப் போடி, எனக்கெதுக்கு அதுன்னாங்களாம். அந்தக் கட்டி செல்லப் புட்டியில வளக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல சார். இதுக்கு முன்னாடி வந்தவங்க எத்தனையோ பேரு முயற்சி பண்ணி, எல்லாம் பத்து நாள்ல செத்துப் போச்சு. இவ விடல. ஞாயித்துக்கிழமையும் வந்து நிப்பா. தீனிய மாத்திப் பாப்பா, புட்டிய மாத்திப் பாப்பா, திட்டிப் பாப்பா, கெஞ்சிப் பாப்பா. ஏழாவது மாசம் புட்டியில ஒட்டிக்கிட்டு வளர ஆரம்பிச்சுச்சு. அன்னிக்கு என்னத் தூக்கிச் சுத்தினா சார், என் எடைக்கு! ரெண்டு பேருமா போய் அந்த அலமாரியில முட்டிக்கிட்டோம்.

அதுக்குள்ள அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி, என் வீட்டுக்காரர் வந்து கேட்டா காட்டுங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அவரும் வருஷத்துக்கு ஒரு தடவ வந்துருவாரு. எப்பவும் தலையில ஒரு தொப்பி, நாங்க தொப்பிக்காரர்னுதான் சொல்லுவோம். மைக்ராஸ்கோப்புல பாக்கறப்ப மட்டும் தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்குவாரு. பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கா, முன்ன விடப் பூரிச்சிருக்கான்னுட்டுப் போவாரு.

உங்க பொண்ணு அந்தச் செல்லு மேல ஒரு மருந்து போட்டுப் பாத்தா. கேட்டுச்சு சார். அப்படிக் கேட்டுச்சு! பேப்பர் வந்துச்சு. பெரியவர், அதான் எங்க ப்ரொஃபசர், கேக் வாங்கிட்டு வந்தாரு. அந்த மனுஷன் கையால ஒரு பிஸ்கட் கூட நான் அதுக்கு முன்ன தின்னதில்ல. அதுக்கப்புறம்தான் இவளுக்கு அந்த வேல. தனி லேபு, கதவுல இவ பேரு. உங்களுக்குத்தானே மொதல்ல போன் பண்ணினா. நீங்க அழுதீங்களாமே. சொன்னா.

சரி, விடுங்க.

அப்புறம் வேற ஊர் லேபுலேருந்து செல்லு கொஞ்சம் அனுப்புங்கன்னு கேட்டாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி, இது இன்னாரோட செல்லுதான்னு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க. கைரேக பாக்கற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். சும்மா ஒரு சம்பிரதாயம். ரிப்போர்ட் வந்துச்சு. அந்தம்மா ரத்தம் ஆஸ்பத்திரியில இருந்துச்சு, அதோட வெச்சுப் பாத்தா, ஒத்துப் போகல. இது வேற யாரோட செல்லோ. பக்கத்து அலமாரியில வளக்கறோமே, எல்லா லேபுலயும் இருக்கற பழைய செல்லு, எந்தக் காலத்துலயோ செத்துப் போன ஒரு பொம்பளையோடது, அது. அது ஒரே ஒரு செல்லு உள்ள விழுந்தாப் போதும் சார். பேய் மாதிரி வளரும். ரெண்டு மாசத்துல வீட்டுக்காரங்களையே வெளிய தள்ளிட்டுக் கதவச் சாத்திக்கும். பாத்தா வித்தியாசமே தெரியாது. மருந்து கேட்டதும் அதுக்குத்தான்.

அவ மறுபடி டெஸ்ட் அனுப்பினா. மறுபடியும் அதே பதில். பெரியவர், கொஞ்சம் பொறு, அவசரப்படாதேன்னாரு. அவ பொறுக்கல. அதே வாரம் பத்திரிகைக்கு எழுதிட்டா, எங்க பேப்பர் தப்பு, எடுத்துடுங்கன்னு. வேல குடுத்தவங்களுக்கும் எழுதினா. அவங்க ரொம்ப மரியாதையா, உங்க நேர்மையப் பாராட்டறோம், வேற ஆள எடுத்துக்கறோம்னு பதில் போட்டாங்க.

அப்புறம் என்னக் கூட்டிக்கிட்டு தொப்பிக்காரர் வீட்டுக்குப் போனா. போன்ல சொல்லிடுடின்னேன். கேக்கல. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. படியில ரெண்டு தடவ நின்னு, அக்கா, திரும்பிடலாமான்னா. திரும்பல. அவரு கதவத் தொறந்து, என்னம்மா, அவளையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியான்னாரு. வெளையாட்டாத்தான் கேட்டாரு. இவ நின்னபடியே எல்லாத்தையும் சொல்லிட்டா. உள்ள குழாயில தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு, அவரு போய் மூடிட்டு வந்தாரு. அப்புறம் கேட்டாரு. அப்ப நான் இத்தன நாளா பாத்தது யாரம்மா?

தெரியாதுங்க, யாரோ ஒரு அம்மா, செத்துப் போயி ரொம்ப வருஷம் ஆச்சுன்னா.

அந்தம்மாவப் பாக்க யாராவது வராங்களான்னு கேட்டாரு.

இவளுக்கு அதுக்கு மேல தாங்கல சார். நான்தான் கையப் பிடிச்சுக் கீழ எறக்கினேன்.

தண்ணி வேணுமா சார்? இருங்க. இந்தக் கிளாஸ் வேணாம், லேபு கிளாஸ். பேப்பர் கப்பு இருக்கு.

எப்படிக் கலந்துச்சுன்னுதானே? அதத்தான் பெரியவரும் கேட்டாரு, எழுதிக் குடுன்னு. அவ ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் செல்ல ஒறைய வெச்சிருந்தா. ஒவ்வொண்ணா எடுத்து டெஸ்ட் பண்ணினா. ரெண்டாவது வருஷம் நாலாவது மாசம் வரைக்கும் அந்தம்மாவேதான். ஆமா சார், நெசமாவே இருக்காங்க, மிச்சம் ஆறு குப்பி, அந்த ஃப்ரீசர் டப்பாவுல. அஞ்சாவது மாசம் கலப்படம். அப்ப அந்த நடுவுலதான். அன்னன்னிக்கு யாரு என்ன செஞ்சாங்கன்னு எழுதி வெக்கற அந்த மாச நோட்ட எடுத்துப் பொரட்டினா. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு எடத்துல கை நின்னுச்சு. பாத்தா, என்னப் பாத்தா, நோட்ட மூடினா. அக்கா, டீ குடிச்சுட்டு வரலாமான்னா. போனோம். மழையப் பத்திப் பேசிட்டு வந்தோம். அன்னிக்கு சாயந்தரமே என் கவனக்குறைவுதான் காரணம்னு ஒரே வரியில எழுதிக் குடுத்துட்டா.

அந்த மாசம் அவ மூணே மூணு நாள்தான் லீவு போட்டா சார். நாலு வருஷத்துல போட்ட லீவே அவ்வளவுதான். உங்களுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சே, அப்ப. ஆமா, அதேதான். பஸ் புடிக்க ஓடறப்ப, அக்கா, பிள்ளையப் பாத்துக்கங்கன்னு புட்டியக் காட்டிட்டுப் போனா. தனித்தனி தீனி, தனித்தனி குழாய்னு எழுதியும் ஒட்டியிருந்தா. எனக்கு அன்னிக்கு என்ன அவசரமோ, இப்ப நெனச்சுப் பாத்தாக்கூட ஞாபகம் வரல. அந்தப் பழைய செல்லுக்கும் இதுக்கும் ஒரே குழாயிலதான் ஊத்தினேன்.

அந்த மூணு நாளும் நோட்டுல இருக்கறது என் கையெழுத்து சார்.

காலையில வந்ததும் அந்தப் பக்கத்தத் தொறந்து பெரியவர் மேசையில வெச்சுட்டேன். பதினோரு மணிக்கு வருவாரு. உங்ககிட்டச் சொல்லிட்டு அப்புறம் அவரப் பாக்கலாம்னுதான் இவ்வளவு நேரம் சுத்திச் சுத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்.

ஒண்ணும் சொல்ல வேணாம் சார், உக்காருங்க. டேப்போட அந்த முனைய மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. பெட்டிய ஒட்டிடறேன்.