பள்ளங்கிக்குத் திருப்பிவிட்ட லாரிகள்

கொடைக்கானலில் பஸ்ஸுக்காக நின்ற வரிசையில், காலியான கேரட் கூடையோடு எனக்கு முன்னால் நின்ற அம்மா, பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"எங்க வீட்டு முன்வாசலை ஆணி அடிச்சு அடைச்சுட்டேன்."

"ஏங்க்கா?"

"படியை விட்டு எறங்குனா லாரி. டவுனுக்குள்ள விடாததால, பெரிய வண்டி பூராம் எங்க பள்ளங்கி ஊருத் தெரு வழியாத்தான் போகுது. செவரெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. கன்னுக்குட்டியும் அடிபட்டுச் செத்துப்போச்சு. இப்ப மாட்டுக்கொட்டகை வழியாத்தான் போக வர."

"ஊரே சேந்து ஒரு மனுக் குடுங்கக்கா."

"இந்த லாரி வந்ததே மனுவாலதான். ஏரிப் பக்கம் காய் விக்கிற நாங்கதான், கடைகிட்ட லாரி வரக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தோம். வேற எங்க போகும்னு ஒருத்தரும் யோசிக்கல."

கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"மொதக் கைநாட்டு என்னோடது."